கிளட்ச் தேய்ந்தால் விற்றவன் திருடனா?

பழைய வேன் வாங்கி ஏமாந்துவிட்டேன் என்று ஒருவர் போட்ட அந்த வெள்ளை வேன் வீடியோவைக் காலையிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். அந்த வண்டியை விற்றது நான் இல்லை. விற்றவரைத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கீழே "பழைய வேன் விக்கிறவன் எல்லாருமே ஃப்ராடு" என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த எல்லாருக்குள் நானும் இருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

வாங்கிப் பல மாதம் ஓட்டிய பிறகு கிளட்ச் போய்விட்டது, ஆகவே விற்றவன் ஏமாற்றிவிட்டான். இதுதானே குற்றச்சாட்டு? என்ஜின் சக்தியை கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே செய்த பொருள். அது எவ்வளவு நாள் வரும் என்பது விற்றவன் கையில் இல்லை, ஓட்டுகிறவரின் இடது காலில் இருக்கிறது. பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவது, ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, தாங்காத பாரத்தை ஏற்றுவது, இதெல்லாம் சேர்ந்தால் புது கிளட்சே சீக்கிரம் கருகிவிடும். செருப்பு வாங்கி வருஷக்கணக்கில் நடந்துவிட்டு, அடி தேய்ந்துபோச்சு என்று கடைக்காரர் சட்டையைப் பிடிப்பீர்களா?

வீடியோவில் கேமரா வண்டிக்குப் பின்னால் போகும் அந்தச் சில நொடிகளை நிறுத்திப் பாருங்கள். உள்ளே சரக்கு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பாரத்தைத் தாங்க வில் மாதிரி வளைந்து நிற்க வேண்டிய லீஃப் ஸ்பிரிங் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது, அளவுக்கு மீறி ஏற்றி ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். டயருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் கை நுழையுமா என்பதே சந்தேகம். மொத்த எடை இவ்வளவுதான் என்று வண்டியைச் செய்தவர்கள் தகட்டிலேயே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை யார் படித்தார்கள்? தேய்மானம் வேறு, மோசடி வேறு. இதைச் சொன்னால் நான் "கூட்டாளிக்கு வக்காலத்து" வாங்குகிறேனாம்.

"அப்போ ஓடின கிலோமீட்டரைக் காட்டுற மீட்டரைக் குறைக்கிறது?" என்று கேட்பீர்கள். அது மோசடிதான். செய்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், சாட்சி சொல்ல நானே வருகிறேன். இப்போதைய டிஜிட்டல் மீட்டருக்கு ஒரு லேப்டாப்பும் கொஞ்ச நேரமும் போதும். ஆனால் குறைக்கிறவனால் மீட்டரில் உள்ள எண்ணைத்தான் குறைக்க முடியும், வண்டி பட்ட பாட்டைக் குறைக்க முடியாது.

ஒருமுறை ஒரு வேன் எடுக்கப் போயிருந்தேன். மீட்டரில் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த ஓட்டம். கதவைத் திறந்தால், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும்போது தொடை உரசும் வெளி ஓரம் நுரை தெரியக் கிழிந்திருக்கிறது. பிரேக் பெடல் ரப்பரில் ஒரு கோடு இல்லை, வழவழவென்று இருக்கிறது. ஸ்லைடிங் டோரை இழுத்தேன். கீழ் ரோலர் தேய்ந்து கதவு தொங்கியது. நாள் முழுக்கப் பார்சல் இறக்கிய வண்டியில்தான் அப்படி ஆகும். அப்புறம் குனிந்து டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் அச்சடித்த தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் எந்த வாரம், எந்த வருஷம் செய்த டயர் என்று சொல்லும். 2319 என்றால் 2019இன் 23வது வாரம். மீட்டர் சொல்வது நிஜமென்றால் கம்பெனி டயரே இன்னும் கழன்றிருக்கக் கூடாது. இங்கே நான்குமே வண்டியைவிடப் பல வருஷம் இளசு. "வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அதே வேன் வேறொருவர் விளம்பரத்தில் "சிங்கிள் ஓனர், குறைந்த ஓட்டம்" என்று பளபளத்தது. உடனே விற்றும் போனது. அதே சமயம் உண்மையான ஓட்டத்தோடு, சர்வீஸ் பில்லோடு என்னிடம் நின்ற வண்டியைப் பார்த்து "இவ்வளவு ஓடியிருக்கா?" என்று முகம் சுளித்துவிட்டுப் போனவர்களை நான் மறக்கவில்லை. பொய் எண்ணுக்குப் பணம் கட்ட நீங்களே ஓடினால், உண்மை சொல்கிறவன் என்ன செய்வான்?

ஒரு படித்த நண்பர் ஜார்ஜ் அக்கர்லாஃப் பெயரை இழுத்திருக்கிறார். 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே கட்டுரை எழுதியவர், 2001இல் பொருளாதார நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டவர். சரி, அவர் சொன்னதை முழுசாகச் சொல்லுங்கள். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான், மட்டமானது மட்டும் மிஞ்சும். இதில் அடிபடுகிறவன் யார்? வாங்குகிறவர் மட்டுமா? நல்ல வண்டியோடு நிற்கிற நானும்தான். "எல்லாரும் திருடர்கள்" என்று நீங்கள் எழுத எழுத, என் வண்டியின் விலையும் திருடன் வண்டியின் விலையும் ஒன்றாகிறது. இதற்கு மருந்து உத்தரவாதமும் நல்ல பெயரும் என்று அதே கட்டுரையில் இருக்கிறது. அந்தப் பக்கம் வரைக்கும் யாரும் போகவில்லை.

"உத்தரவாதம் கொடுக்க வேண்டியதுதானே?" கொடுக்கிறேன். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் எழுதியே கொடுக்கிறேன். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் கொடுக்க மாட்டேன், யாரும் கொடுக்க மாட்டார்கள். பெரிய ஷோரூமில் ஒரு வருஷம் தருகிறார்கள் என்றால் அதற்கான காசு விலையிலேயே ஏறியிருக்கிறது. போய் வாங்குங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் விலை மட்டும் என் விலை வேண்டும், சலுகை ஷோரூம் சலுகை வேண்டும் என்றால் எப்படி?

"சொல்லி விற்கணும்" என்கிறார்கள். சொன்னால் கேட்கிறார்களா? தெருத் தெருவாக நின்று நின்று ஓடுகிற வேலைக்கு டீசல் வேன்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். "சார், இதில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரி எரிய 600 டிகிரி மாதிரி சூடு வேண்டும், குட்டி ஓட்டத்தில் அந்தச் சூடே வராது, அடைத்துக்கொள்ளும்" என்று சொன்னேன். என்னிடம் நின்ற பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஃபில்டர் அடைத்த அன்று யார் திருடன்? நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சுக்கு வண்டி கொண்டுவருகிற நல்லவர்களைப் பற்றி ஏன் யாரும் வீடியோ போடுவதில்லை? புகை தெரியாமலிருக்கக் கெட்டி ஆயில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். ஸ்கேனர் வைத்து எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு வருவார்கள். "ஒரு கீறல் இல்லண்ணே" என்பார்கள், தட்டினால் பக்கவாட்டு முழுக்க நெளிவை மறைக்கப் பூசிய பட்டி. அதெல்லாம் சாமர்த்தியம். நான் செய்தால் ஃப்ராடு.

அந்த வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் ஒருவர் என்னிடம் வேன் வாங்கியவர். ஒன்று நன்றாக ஓடுகிறது என்றுதான் இரண்டாவதுக்கும் வந்தார். ராத்திரி நடுவழியில் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றபோது அவர் கூப்பிட்டது எந்த ஷோரூமையும் இல்லை. பெயர் போடவில்லை, அவருக்கே தெரியும். எமோஜியை எடுக்கவும் வேண்டாம்.

"எல்லாரும் அப்படித்தான்" வகைக் கருத்துகளுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. வேன் வாங்கப் போகிறவர்கள் எதை எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டால் சொல்கிறேன். என்னிடம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.