சாலைக்கு அடியில் மின்சாரம்: முதலில் பேருந்துக்குத் தாருங்கள்

எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பால் பொங்கி வரும்போது பாத்திரத்தை நாலு விரற்கடை தூக்கிப் பிடித்தால் போதும். அடுப்பு பீப் பீப் என்று கத்தத் தொடங்கிவிடும், சூடு ஏறுவது நின்றுவிடும். அடியில் இருக்கும் செம்புச் சுருளை விட்டு விலக விலகக் காந்தப்புலம் வலுவிழக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தை விட அந்த அடுப்புதான் எனக்குப் புரியவைத்தது.

அதனால்தான் தென்கொரியாவின் குமி நகரப் பேருந்துகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அசந்துபோனேன். 2013 ஆகஸ்டில் அங்கே இரண்டு மின்பேருந்துகள் 24 கிலோமீட்டர் வழித்தடத்தில் ஓடத் தொடங்கின. சாலைக்குள் புதைத்த கம்பிக்கும் பேருந்தின் அடிவயிற்றில் இருந்த சுருளுக்கும் நடுவே 17 சென்டிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டி, காந்தப்புலம் வழியாகவே, ஓடுகிற வண்டிக்கு 100 கிலோவாட் மின்சாரம் ஏறியது. அனுப்பியதில் 85 சதவீதம் வரை சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது. கைஸ்ட் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய நுட்பம் அது.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது வேறு இரண்டு கணக்குகளை. வழித்தடம் முழுவதையும் தோண்டத் தேவையில்லை, 5 முதல் 15 சதவீதம் போதும் என்றார்கள். வண்டியில் இருந்த பேட்டரியோ வழக்கமான மின்வாகன பேட்டரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பேட்டரியின் எடை குறைந்தால் அந்த எடைக்கு ஆட்களை ஏற்றலாம், வண்டியின் விலையும் குறையும். இதற்காகத்தான் சாலையைத் தோண்ட வேண்டும் என்கிறேன்.

ஆனால் இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் சொந்தக் காரில்தான் போய் முடிகிறது. "நிற்காமலே சார்ஜ் ஏறும், எவ்வளவு தூரமும் போகலாம்" என்று கனவு காண்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சொந்தக் கார் நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கிற பொருள். இரவில் வாசலில் கம்பியைச் செருகினால் அதன் பசி தீர்ந்துவிடும். அதற்காகப் பொதுப்பணத்தில் நெடுஞ்சாலை நெடுகச் செம்பைப் புதைப்பது நியாயமில்லை. பேருந்தும் லாரியும் அப்படியல்ல. அவை நின்றால் பிழைப்பு கெடும்.

பிரான்சில் பாரிசுக்குத் தென்மேற்கே ஏ10 நெடுஞ்சாலையில் 1.5 கிலோமீட்டருக்குச் சுருள் பதித்து 2025-ல் சோதித்தார்கள். சராசரியாக 200 கிலோவாட், உச்சத்தில் 300-க்கும் மேல். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் லாரி அந்தத் துண்டை ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் 200 கிலோவாட் ஏறினால் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். கனரக லாரி கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை தின்னும் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்துக்கான செலவு போகக் கையிலும் கொஞ்சம் மிஞ்சும்! அமெரிக்காவின் இண்டியானாவிலும் அதே ஆண்டு நெடுஞ்சாலை வேகத்தில் ஓடிய கனரக லாரிக்கு 190 கிலோவாட் ஏற்றிக் காட்டினார்கள்.

"அந்தச் சாலையில் நடந்தால் ஷாக் அடிக்காதா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சுருள்கள் துண்டு துண்டாகப் பதிக்கப்படுகின்றன. மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் சுருள் பொருத்திய வண்டி மேலே வரும்போது மட்டும் அந்தத் துண்டு விழித்துக்கொள்ளும், வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 14-வது தெருவில் 2023 நவம்பரில் திறந்த கால் மைல் சாலையும் இப்படித்தான் இயங்குகிறது.

செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் எங்கே தோண்டுகிறோம் என்பதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். நிறுத்தத்தை ஒட்டிய ஐம்பது மீட்டர், சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்து போகும் இடம், மூச்சு வாங்க வைக்கும் மேடு: இந்த மூன்றிலும் பேருந்து மெதுவாகத்தான் போகும். ஒரு பாட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பையை முதலில் படியில் வைத்துவிட்டு ஏறும் அந்த அரை நிமிடத்தில், கீழிருந்து ஏறத்தாழ ஒரு யூனிட் ஏறியிருக்கும்.