கேட்டவருக்கெல்லாம் கதவு திறக்கும் ரவுட்டர்

ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில், அதாவது வெளியிலிருந்து வருவதை எந்த வாசல் (போர்ட்) வழியாக எந்தக் கருவிக்கு விடுவது என்று நாம் எழுதிவைக்கும் இடத்தில், ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் வெளியிலிருந்து வரும் தரவுப் பாக்கெட்டுகள் 554-ஆம் போர்ட் வழியாக நேரே வீட்டு சிசிடிவி பெட்டிக்குப் போகின்றன! ஃபயர்வாலைப் பார்த்தாயிற்று, வருவதையெல்லாம் ஒரே கருவிக்குத் தள்ளிவிடும் டிஎம்ஜெட்டும் ஆஃப். கடைசியில் ‘அட்வான்ஸ்டு’ மெனுவுக்குள் ஏதோ ஒரு மூலையில் யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) பட்டியல். அந்தப் பெட்டியே ரவுட்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறது. பாஸ்வேர்டு கிடையாது, விசாரணை கிடையாது. உள்ளே இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் திறந்துவிடுமாம். வீட்டுக்காரன் லாகின் செய்ய மட்டும் கேப்ட்சா!

சரி, அந்த வரியை அழித்தால், கொஞ்ச நேரத்தில் பெட்டி மறுபடியும் வாங்கிக்கொள்கிறது. யுபிஎன்பியையே அணைத்தேன். இப்போது பையனின் கேம் கன்சோல் ‘நாட் டைப் ஸ்ட்ரிக்ட்’, அதாவது மற்ற ஆட்டக்காரர்களோடு இணைவது கஷ்டம், என்று முறைக்கிறது. அதற்குக் கையால் போர்ட் திறக்க வேண்டுமாம். நாம் திறந்தவை, யுபிஎன்பி திறந்தவை என்று இரண்டு பட்டியலையும் ஒரே பக்கத்தில் காட்டினால் ரவுட்டர் செய்பவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?