ஓடுகிற சக் நிற்பதுபோல் காட்டும் பல்பை யார் லேத்துக்கு மேலே மாட்டச் சொன்னது?

இரும்பைச் சக் என்கிற சுழலும் பிடியில் கவ்விக் கடையும் லேத்தை லட்சக்கணக்கில் கொட்டி வாங்குகிறார்கள். ஃபவுண்டேஷன் போட்டு, ஸ்பிரிட் லெவல் வைத்து, மட்டம் பார்த்து இறக்குகிறார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து மாலை போடுவதிலும் குறை கிடையாது. ஆனால் அதற்கு மேலே தொங்குவது என்ன? தெருமுனைக் கடையில் இருப்பதிலேயே மலிவான 9 வாட் எல்இடி பல்பு. லேத் ஓட்டும் டர்னர், வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் கோட்டைப் படிக்க வேண்டியது அந்த வெளிச்சத்தில்தான். கோவை கணபதியோ சென்னை அம்பத்தூரோ, ஜாப் ஒர்க் பட்டறை இருக்கிற எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இதே கோலம்.

வெளிச்சம் பத்தவில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. அந்தப் பல்பு கண்ணை ஏமாற்றுகிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சைக்கிள். விலையைக் குறைப்பதற்காக டிரைவரில் (பல்புக்குள் இருக்கும் சர்க்யூட்டில்) கரண்டைத் தேக்கிச் சீராகக் கொடுக்க வேண்டிய கெப்பாசிட்டரைச் சின்னதாக்கி, அல்லது இல்லாமலேயே செய்து விற்கிற பல்பு, ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு முறை மங்கி எரியும். விநாடிக்கு 100 முறை. பழைய குண்டு பல்பில் இழை சூடாகவே இருப்பதால் அந்த இடைவெளி உறைக்காது. எல்இடியில் கரண்ட் நின்றால் அந்தக் கணமே இருட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜா என்கிற கவ்வும் பல் நாலு வைத்த ஃபோர் ஜா சக் 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) ஓடினால் விநாடிக்கு 25 சுற்று. ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் நடுவே சரியாகக் கால் சுற்று. ஒரு ஜா இருந்த இடத்துக்கு அடுத்த ஜா வந்துவிடும். கண்ணுக்குச் சக் ஓடவே இல்லை! த்ரீ ஜா சக் 2000 ஆர்பிஎம்மில் இதே வேலையைக் காட்டும். அதே த்ரீ ஜா 1000த்தில் ஓடினால் ஆறு ஜா வைத்த சக் ஒன்று மங்கலாக அசையாமல் இருப்பதுபோல் தெரியும். டிரில்லிங் மெஷினில் 1440 ஆர்பிஎம் மோட்டார் இருந்தால், அதன் நாலு ஆரம் வைத்த புல்லி விநாடிக்கு ஒரு சுற்று வீதம் பின்பக்கமாக ஊர்வதுபோல் இருக்கும். பக்கத்து மெஷின் இரைச்சலில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று காதால் பிரிக்க முடியாது. கண்ணும் பொய் சொன்னால் மனுஷன் கையை எங்கே வைப்பான்?

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சோக் போட்ட டியூப்லைட் காலத்திலேயே தெரிந்த சங்கதி. அதனால்தான் பெரிய ஷெட்களில் டியூப்களை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்று மங்கும் நேரத்தில் இன்னொன்று எரியும். பழைய லேத்களில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 24 வோல்ட் விளக்கு ஒன்று வளையும் தண்டோடு வரும். அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, 230 வோல்ட்டை முறுக்கு ஒயரில் இழுத்து, கூலன்ட் தெறிக்கிற இடத்தில் ஹோல்டர் தொங்கவிடுகிறார்களே, வயிறு எரிகிறது.

சோதிப்பதற்குக் காசே வேண்டாம். பல்பு வெளிச்சத்தில் ஒரு பேனாவை வேகமாக விசிறுங்கள். தீற்றலாகத் தெரியாமல் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் அந்தப் பல்பு மெஷின் பக்கமே வரக்கூடாது. போனில் ஸ்லோ மோஷன் எடுத்தாலும் துடிப்பு பிடிபடும்.

சரி, எல்இடி ஸ்ட்ரிப் போடுகிறேன் என்று கிளம்புகிறவர்களாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? 12 வோல்ட், 2835 வகை, மீட்டருக்கு 120 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் மீட்டருக்குச் சுமார் 9.6 வாட் இழுக்கும். ஒரு மெஷினுக்கு 60 சென்டிமீட்டர் போதும், அரை ஆம்பியர்தான். 12 வோல்ட் 1 ஆம்பியர் நல்ல அடாப்டர் ஒன்று சீரான டிசி கொடுக்கும், அந்த 100 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒழியும். இதோடு நிற்காமல் மலிவு டிம்மர் ஒன்றைச் செருகுவார்கள். அது கரண்டை விட்டு விட்டு வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும். போன பிசாசு திரும்பி வந்தாயிற்று.

ஸ்ட்ரிப்பின் பின்பக்கப் பசையை நம்பி எண்ணெய்ப் பிசுக்குள்ள தகட்டில் அப்படியே ஒட்டுவதைப் பார்த்தால் கத்தத் தோன்றுகிறது. மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது எத்தனை நாள் தாங்கும்? ஒரு முனை கழன்று சக்குக்கு மேலே ஊஞ்சலாடும். ஸ்ட்ரிப்பை உள்ளே வைக்கும் பள்ளச் சட்டமான அலுமினிய ப்ரொஃபைல் வாங்குங்கள். உள்பக்கத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ப்ரொஃபைலை ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். அலுமினியம் சூட்டை இழுப்பதால் எல்இடி சீக்கிரம் மங்காது. மேலே பால் நிற மூடி கட்டாயம். மூடி இல்லாத ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு எல்இடியும் ஒரு நிழல் போடும். இரும்பில் கோடு கிழிக்கும் ஸ்க்ரைபர் முனைக்கு வரிசையாகப் பத்து நிழல் விழுந்தால் எதைப் பார்த்துக் கோடு கிழிப்பது? பளபளக்கும் வெர்னியரில் புள்ளி புள்ளியாகக் கூசும். கடையும்போது தெறிக்கும் இரும்புச் சிப்ஸ் பறந்து வந்து அடித்தாலும் மூடியோடு போகும்.

ஒர்க் பெஞ்சில் விளக்கைப் பின்சுவரில் ஒட்டாதீர்கள், நேராகக் கண்ணில் அடிக்கும். தலைக்குப் பின்னால் கூரையிலும் வேண்டாம், உங்கள் நிழல்தான் வேலையின் மேல் விழும். மேல் ஷெல்ஃபின் முன் விளிம்பில், வேலையை இறுக்கிப் பிடிக்கும் வைஸைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்து இன்னொரு துண்டு.

அப்புறம், அடாப்டருக்குப் பதிலாக மாட்டுகிற அந்த ஓட்டை ஓட்டையான எஸ்எம்பிஎஸ் பெட்டி. அதைக் கிரைண்டருக்குப் பக்கத்திலேயே மாட்டுகிற புண்ணியவான்களே, இரும்புத்தூள் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய் போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? மூடிய பெட்டிக்குள், தூள் பறக்காத தூரத்தில், எர்த் கொடுத்து வையுங்கள். டிசி ஒயர் இரண்டு மீட்டர் நீண்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது; 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம், விளக்கை மெஷினின் மெயின் ஸ்விட்ச்சுக்குப் பின்னால் கோர்ப்பது. மெயினை அணைத்தால் விளக்கும் போச்சு. சக்கில் ஜாப் (கடையும் துண்டு) மாற்றவும், வெட்டும் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டை இறுக்கவும், பெல்ட்டை நகர்த்தவும் வெளிச்சம் வேண்டுமே என்பதற்காகவே மெயினை ஆனில் விட்டுவிட்டு உள்ளே கை விடுகிறார்கள். தனி ஸ்விட்ச், தனி லைன். ஒரு ஸ்விட்ச்சும் மூன்று மீட்டர் ஒயரும் என்ன விலை என்று எந்த முதலாளிக்கும் தெரியும்.