ரோமிங் பில் எகிறினால் அது பயணியின் தப்பு இல்லை

நம்ம ஊர் சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் பயன்படுத்துவதுதான் ரோமிங். வெளிநாடு போய்த் திரும்பியவருக்கு அதற்கு ஒரு பெரிய பில் வந்துவிட்டால் வீட்டில், ஆபீஸில், நண்பர்கள் மத்தியில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கலாமே." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சொந்த போன், சொந்த நம்பர், மாதாமாதம் ஒழுங்காகக் காசு கட்டுகிற மனுஷர். அவர் செய்ததெல்லாம் விமானம் தரையிறங்கியதும் போனை ஆன் செய்ததுதான். அதற்கப்புறம் போன் தானாகவே போட்டோக்களை பேக்கப் எடுத்தது, ஆப்களை அப்டேட் செய்தது. பழியை மட்டும் அவர் தலையில் போடுகிறோம்.

போனை ஆன் செய்ததும் நடப்பது இதுதான். உங்கள் சிம்முக்குள் போன் நம்பர் தவிர இன்னொரு அடையாள எண்ணும் இருக்கிறது, அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். அதை வைத்து அந்த ஊர் நெட்வொர்க் உங்கள் நிறுவனத்திடம் "இவர் உங்கள் ஆளா, உள்ளே விடலாமா" என்று கேட்கிறது. சரி என்று பதில் வந்ததும் சிக்னல் கிடைக்கிறது. பெரும்பாலும் உங்கள் டேட்டா அந்த நாட்டிலிருந்து நேராக இணையத்துக்குப் போகாது. உங்கள் நிறுவனத்துக்கே திரும்பிப் போய் அங்கிருந்துதான் வெளியே போகும். வெளிநாட்டு சிம்மோடு சீனா போனவர்களுக்கு அங்கே முடக்கப்பட்ட தளங்கள் திறப்பது இதனால்தான், ரோமிங்கில் இணையம் கொஞ்சம் மந்தமாக இருப்பதும் இதனால்தான். ஆக, இவ்வளவு தூரம் சுற்றுகிறதே, செலவு ஆகத்தானே செய்யும் என்று தோன்றும்.

எவ்வளவு ஆகும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். 2017 ஜூன் 15 முதல் அங்கே ஒரு உறுப்பு நாட்டு சிம்மை இன்னொரு உறுப்பு நாட்டில் உள்ளூர்க் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். 2017இல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ, படிப்படியாகக் குறைத்து 2027க்கு 1 யூரோ. எந்த நெட்வொர்க்கும் இதனால் இழுத்து மூடப்படவில்லை. இதன் மறுபக்கம் பிரிட்டன். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின் இந்த விதி அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை, 2022இல் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் பல ஐரோப்பிய ரோமிங்குக்கு மறுபடி காசு வசூலிக்க ஆரம்பித்தன. கோபுரமும் கேபிளும் அதேதான். மாறியது சட்டம் மட்டுமே. ரோமிங் விலையைத் தீர்மானிப்பது தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்து வைப்பேன்.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் படும் இன்னொரு விதியும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு. வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்காவிட்டால், மாத டேட்டா ரோமிங் 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பு தானாக நின்றுவிட வேண்டும், தொடர வேண்டுமானால் அவர் சம்மதம் சொல்ல வேண்டும். 2010 ஜூலையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அப்புறம் ஒன்றியத்துக்கு வெளியே பயணம் செய்யும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் இதை நீட்டித்தார்கள். இவ்வளவு எளிய ஒரு தடுப்பு உலகம் முழுக்க ஏன் இல்லை? ப்ரீபெய்டில் பேலன்ஸ் தீர்ந்த நொடியில் லைனைத் துண்டிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, போஸ்ட்பெய்டில் பில் எகிறும்போது மட்டும் கணக்குத் தெரியாமல் போய்விடுமா?

சரி, டேட்டாவை அணைத்துவிட்டால் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. என் சித்தி டேட்டாவை முழுக்க அணைத்துவிட்டுத்தான் போனார், ஒரு அழைப்பையும் எடுக்கவில்லை, ஆனாலும் பில் வந்தது. காரணம் வாய்ஸ்மெயில், அதாவது நீங்கள் எடுக்காத அழைப்பில் அழைத்தவர் பேசுவதைப் பதிவு செய்துவைக்கும் வசதி. யாரோ கடன் வேண்டுமா என்று கேட்க அழைக்கிறார். அந்த அழைப்பு கடல் தாண்டி நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வருகிறது. போன் அடித்து ஓய்கிறது, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எடுக்காத அழைப்பை வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பும் அமைப்பு ஆனில் இருந்தால், அது அங்கிருந்து உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போகிறது. வந்ததற்கு ரோமிங் கட்டணம், திரும்பிப் போனதற்கு வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் என்று இரண்டு பக்கமும் போடும் நிறுவனங்கள் உண்டு. கிளம்புவதற்கு முன் ##002# டயல் செய்தால் இப்படி அழைப்பைத் திருப்பும் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகிவிடும். வாடிக்கையாளர் சேவையில் சித்தி மூன்று பேரிடம் பேசினார், ஒருவரும் இதை வாய் திறந்து சொல்லவில்லை.

இதற்கெல்லாம் தீர்வாக இப்போது எல்லோரும் இ-சிம் என்கிறார்கள், அதாவது அட்டை எதுவும் போடாமல் போனுக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும் சிம். நல்ல விஷயம், நானும் அதைத்தான் சொல்வேன். வீட்டு சிம்மைக் கழற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, டேட்டாவுக்கு மட்டும் போகிற நாட்டின் இ-சிம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டு நம்பரை அணைத்துவிடவே கூடாது, ஏனென்றால் வங்கி ஓடிபி அதில்தான் வரும், ஊர் பெயர் தெரியாத ஏதோ ஓர் இடத்தில் கார்டு நின்றுபோனால் அந்த ஒரு எஸ்எம்எஸ்தான் உங்களைக் காப்பாற்றும். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு வாங்குவதில்லை, உங்களுடையது எப்படி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பும் பழைய நம்பரிலேயே ஓடும். நம்பர் மாற்றவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்த இரட்டை சிம்மில் ஒரு குழப்பம் இருக்கிறது, பலர் மாட்டுவது இங்கேதான். பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம்களில் பல உண்மையில் வேறு ஏதோ நாட்டு நிறுவனத்துடையவை, அதுவே அங்கே ரோமிங்கில்தான் ஓடுகிறது. எனவே அந்த இ-சிம்முக்கு 'டேட்டா ரோமிங்' ஆனில் இருக்க வேண்டும், வீட்டு சிம்முக்கு அதே பெயருள்ள சுவிட்ச் ஆஃபில் இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு சுவிட்சுகள், அடுத்தடுத்த பக்கங்களில், அவசரத்தில் ஒருவர் இரண்டையும் ஆன் செய்துவிடுவார். அதோடு ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொரு சிம்மின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதியும் பல போன்களில் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்துகொண்டால் இ-சிம்முக்கும் காசு, வீட்டு சிம்முக்கும் காசு. அந்தத் தாவும் வசதியை அணைத்துவிட்டு, எந்த சிம்மில் டேட்டா ஓடுகிறது என்பதை விமான நிலையத்திலேயே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டு சிம்மை உங்கள் போன் ஏற்குமா என்பது தனிக் கதை. தவணையில் வாங்கிய போன்கள் சில நாடுகளில் அந்த நிறுவனத்தோடு பூட்டப்பட்டே வரும். துருக்கியில் வெளிநாட்டு போனில் உள்ளூர் சிம் போட்டால் 120 நாள்தான், அதற்குள் வரி கட்டிப் பதிவு செய்யாவிட்டால் அந்த போனில் உள்ளூர் சிம் வேலை செய்யாது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் கடைசியில் 3ஜியை மூடினார்கள். 4ஜி வழியாக அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களை அங்குள்ள நெட்வொர்க்குகள் தடுத்தாக வேண்டும் என்பது விதி. நெட் நன்றாக ஓடுகிற போன்கூட இதில் அடிபடலாம். வயதான பெற்றோர் பழைய போனோடு தனியாகப் பயணம் போகிறார்கள் என்றால் இதைப் பிள்ளைகள்தான் முன்னாலேயே பார்த்துவைக்க வேண்டும்.

கப்பலும் விமானமும் இன்னும் மோசம். நடுக்கடலில் சிக்னல் காட்டினால் அது கப்பலுக்குள்ளேயே இருக்கும் குட்டி நெட்வொர்க், செயற்கைக்கோள் வழியாக ஓடுவது. எந்த நாட்டு பேக்கும் அதற்குப் பொதுவாகப் பொருந்தாது, மேலே சொன்ன ஐரோப்பிய உள்ளூர்க் கட்டணமும் பொருந்தாது. ஏறியதும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். எல்லை ஓரத்து ஊர்களிலும் பக்கத்து நாட்டு டவரை போன் பிடித்துக்கொள்ளும், அங்கே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுப்பதுதான் வழி.

இத்தனையையும் ஒரு சாதாரண மனிதர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். மருத்துவத்துக்காகப் போகிறவர், வேலைக்காக முதல்முறை விமானம் ஏறுகிறவர், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிற பாட்டி, இவர்கள் எல்லோரும் செட்டிங்ஸ் பக்கத்தில் பரீட்சை எழுதிவிட்டா போக முடியும்? டேட்டா ரோமிங் கேட்காமல் ஓடக் கூடாது, ஒரு தொகையைத் தாண்டினால் தானாக நிற்க வேண்டும், எடுக்காத அழைப்புக்குக் காசு வாங்கக் கூடாது. எல்லா நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையங்களும் இந்த மூன்றையும் சட்டமாக்க வேண்டும்.

அதுவரைக்கும், போவதற்கு முன் உங்கள் நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள்: என் லைனில் ரோமிங்குக்குச் செலவு வரம்பு இருக்கிறதா, இல்லையென்றால் இந்தத் தொகைக்கு வையுங்கள் என்று. போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அப்படியும் பில் எகிறி வந்தால் உடனே கட்டிவிடாமல் நாள், நேரம், நெட்வொர்க் பெயரோடு விவரப் பட்டியல் கேளுங்கள். அதில் நீங்கள் எடுக்காத அழைப்பு ஒன்று இருந்தாலும், அந்த மெயிலையும் சேர்த்து ஆணையத்துக்குப் புகாராக அனுப்புங்கள்.