சோடியத்தின் கணக்கில் துண்டு விழுகிறது

(தூத்துக்குடியில் ஒரு வீட்டுத் திண்ணை, மாலை நேரம். உப்பளத்தில் 38 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற சங்கரலிங்கம், பழைய பேரேட்டில் மிஞ்சிய வெற்றுத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் அவருடைய மருமகள் மல்லிகா, மறுநாள் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார். வாக்குவாதத்தைச் செந்தமிழில் நடத்தினால் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும் என்பது அந்த வீட்டின் அனுபவம். அது இன்று பலிக்கவில்லை.)

மல்லிகா: சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள் உள்ளன. நடுவில் இருக்கும் கருவைச் சுற்றி அவை கூடு கூடாக அடுக்கியிருக்கும்: முதல் கூட்டில் 2, இரண்டாம் கூட்டில் 8, மூன்றாம் கூட்டில் 1. கடைசிக் கூட்டில் இருக்கும் அந்த ஒன்றுதான் இணைதிறன் எலக்ட்ரான். அதைத் தாராள மனத்துடன் குளோரினுக்குக் கொடுத்துவிட்டுச் சோடியம் நிலைப்புத்தன்மை அடைகிறது.

சங்கரலிங்கம்: சற்று நில், அம்மா. தாராள மனத்துடன் கொடுத்தவர் எவரையும் என்னுடைய பேரேட்டில் நான் பார்த்ததில்லை. கொடுத்ததற்குச் சீட்டு இருக்கிறதா?

மல்லிகா: இதற்கு எதற்கு மாமா சீட்டு? குளோரினின் வெளிக்கூட்டில் 7 இருக்கின்றன. எட்டுக்கு ஒன்று குறைகிறது. சோடியம் தன் ஒன்றைக் கொடுத்தால், அதற்குக் கீழே ஏற்கெனவே நிறைந்திருக்கும் 8 வெளிக்கூடாகிவிடும். இருவருக்கும் எட்டு.

சங்கரலிங்கம்: எட்டுதான் நிறைவு என்று யார் விதித்தது? மூன்றாம் கூட்டின் கொள்ளளவு 18 என்று சென்ற வாரம் நீ சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். 18 மூட்டை கொள்ளும் கிடங்கில் 8 மூட்டையை அடுக்கிவிட்டு, இடம் நிரம்பிவிட்டது என்று பலகை மாட்டினால், முதலாளி உன்னைக் கேட்கமாட்டார், என்னைத்தான் கேட்பார்.

மல்லிகா: கிடங்கு ஒன்றுதான், தளங்கள் வேறு. கீழே இருக்கும் இரு தளங்களிலும் சேர்த்து 8 இடங்கள், மீதி 10 இடங்கள் மேல் தளத்தில். அங்கே ஏறுவதற்கு ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படுவதால் ஆர்கான் என்னும் வாயு எட்டோடு கதவைச் சாத்திக்கொள்கிறது. அதற்கு அடுத்து வரும் பொட்டாசியம்கூட, மேல் தளம் காலியாக இருப்பதைப் பார்த்தும் அங்கே ஏறாமல், நான்காம் கூட்டில் போய்த் தன் எலக்ட்ரானை வைக்கிறது.

சங்கரலிங்கம்: ஏற்றுக்கூலி கட்டுப்படியாகவில்லை என்று சொல். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் எட்டு என்பது சட்டமா, வழக்கமா?

மல்லிகா: வழக்கம்தான். போரான் டிரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறுதான் இருக்கின்றன. எவருடனும் சேராது என்று நம்பப்பட்ட செனான் வாயுவையே 1962இல் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் ஒரு சேர்மத்திற்குள் இழுத்துவிட்டார்.

சங்கரலிங்கம்: அவருக்கு ஒரு கும்பிடு. இப்போது விலைக்கு வா. சோடியத்திடமிருந்து அந்த எலக்ட்ரானை வாங்க என்ன செலவு?

மல்லிகா: 23 கிராம் சோடியத்தை ஆவியாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினால் 496 கிலோஜூல் ஆற்றல் செலவு.

சங்கரலிங்கம்: பிடுங்கினாலா? சற்று முன்பு தாராள மனம் என்றாயே!

மல்லிகா: (குரலைத் தாழ்த்தி) வகுப்பில் கதையாகச் சொல்வது வழக்கம், மாமா.

சங்கரலிங்கம்: இதையும் வழக்கத்தில் சேர்த்துவிட்டாய். வரவு எவ்வளவு?

மல்லிகா: அந்த எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்ளும்போது 35.5 கிராம் குளோரின் அணுக்கள் 349 கிலோஜூலை வெளியிடும்.

சங்கரலிங்கம்: (எழுதுகிறார்) பற்று 496, வரவு 349. துண்டு 147. எட்டு வந்துவிட்டதே என்று இருவரும் மகிழ்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டாலும் இந்த 147ஐ யாரோ கட்டித்தானே ஆகவேண்டும்? உன்னுடைய நிலைப்புத்தன்மை முதல் நாளே திவாலாகிவிட்டது.

மல்லிகா: (மாமனார் கையிலிருக்கும் தாளைத் தன் பக்கம் திருப்பி, நெடுநேரம் பார்த்துவிட்டு) நீங்கள் சொல்வது சரிதான். எட்டு எட்டு என்று பேசிப் பேசி, யார் பணம் கட்டினார் என்பதைச் சொல்லாமலே இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். கட்டுவது படிகம். எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனி. அதைப் பெற்ற குளோரின் எதிர்மின் அயனி. ஒவ்வொரு சோடியத்தையும் 6 குளோரைடுகளும், ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியங்களும் சூழ்ந்துகொள்ள, அம்பாரமாக அவை ஒன்றையொன்று இழுத்து அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது.

சங்கரலிங்கம்: 787! இவ்வளவு பெரிய வரவை வைத்துக்கொண்டு தானம், தருமம் என்று கதை சொல்லியிருக்கிறாய். போகட்டும். படிகம் இப்படி வாரி வழங்குகிறதென்றால், சோடியம் இன்னோர் எலக்ட்ரானையும் விற்று இன்னும் கொஞ்சம் சம்பாதிக்கலாமே?

மல்லிகா: இரண்டாவது எலக்ட்ரானின் விலை 4,562 கிலோஜூல்.

சங்கரலிங்கம்: (பேனா கீழே விழுகிறது) ஒரே கடையில் முதல் சரக்கு 496, அடுத்த சரக்கு 4,562ஆ?

மல்லிகா: முதலாவது வெளியே தனியாக, கருவுக்குத் தொலைவில், உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்களின் மறைப்பில் நிற்கிறது, கருவின் பிடி அதற்குத் தளர்வாகத்தான் எட்டும். இரண்டாவதை எடுக்கவேண்டுமானால் நிறைந்த உள்கூட்டில், கருவுக்கு அருகில் கைவைக்கவேண்டும். இரட்டை மின்சுமை உள்ள படிகம் கூடுதலாகவே கொடுக்கும்; ஆனாலும் இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. நிறைந்த கூட்டின் அருமை அந்த எட்டு என்ற எண்ணில் இல்லை, மாமா. அதைக் கலைக்க ஆகும் செலவில் இருக்கிறது.

சங்கரலிங்கம்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

(மல்லிகா இதை நம்பவில்லை. நம்பாதது சரியே.)

சங்கரலிங்கம்: ஆனால் ஒரு சிறு ஐயம். ஆவியாக வைத்துக்கொண்டு என்றாய். சோடியம் ஆவியாகவா கிடைக்கிறது?

மல்லிகா: இல்லை, மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருக்கும் கட்டியாகக் கிடைக்கிறது. ஆவியாக்க 107 கிலோஜூல்.

சங்கரலிங்கம்: மறைத்த செலவு ஒன்று. குளோரின் தனித்தனி அணுவாகக் கிடைக்கிறதா?

மல்லிகா: அதுவும் இல்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் பொதுவில் போட்டு, அந்த இணையை இருவரும் தம்முடையதாகக் காட்டிக்கொள்வார்கள். இந்தப் பகிர்வை 1916இல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் விளக்கினார்.

சங்கரலிங்கம்: இரு. ஆளுக்கு 7 என்றால் மொத்தம் 14. இருவரும் எட்டு எட்டு என்று காட்டினால் 16. ஒரே சொத்தை இரண்டு பேரேட்டில் காட்டியிருக்கிறார்கள்! உப்பளத்தில் இப்படி எழுதியிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். லூயிஸுக்கு என்ன செய்தார்கள்?

மல்லிகா: பாடப்புத்தகத்தில் போட்டார்கள். அது கூட்டுக் கணக்கு, மாமா. இரு கருக்களும் சேர்ந்து அந்த இணையை இழுக்கின்றன. அதைப் பிரித்துத் தனி அணுவாக்க, நம்முடைய 35.5 கிராமுக்கு 121 கிலோஜூல்.

சங்கரலிங்கம்: (விரைந்து கூட்டுகிறார்) பற்று 107, 121, 496, ஆக 724. வரவு 349, 787, ஆக 1,136. நிகர வரவு 412. பார்த்தாயா, 58.5 கிராம் உப்புக்கு 412 கிலோஜூல் இலாபம்.

மல்லிகா: அட்டவணையில் 411 என்று இருக்கிறது.

(நீண்ட அமைதி. சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொள்கிறார்.)

சங்கரலிங்கம்: ஒன்று உதைக்கிறது.

மல்லிகா: ஒரே ஒரு கிலோஜூல்தானே. வாருங்கள், தோசை ஆறுகிறது.

சங்கரலிங்கம்: ஒரு முறை ஐந்தொகையில் ஒரு ரூபாய் உதைத்ததற்காக நான் தீபாவளிக்கு வீட்டுக்கு வராமல் இருந்திருக்கிறேன். உன் அத்தையைக் கேள்.

மல்லிகா: நான் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை விட்டு முழு எண்ணாக்கிச் சொல்லிவிட்டேன். 107.5, 121.3, 495.8 என்று எழுதுங்கள், வரவில் 348.6, 787.

சங்கரலிங்கம்: பற்று 724.6. வரவு 1,135.6. நிகரம் 411. (தாளை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்.) ஆனால் அம்மா, 38 ஆண்டுகளில் பாத்தி பாத்தியாக உப்பு வாரிய எங்கள் பேரேட்டில் இந்த வரவும் இல்லை, செலவும் இல்லை. யார் கையாடியது?

மல்லிகா: எவருமில்லை. கடலில் சோடியமும் குளோரினும் அணுக்களாக இருப்பதில்லை, அயனிகளாகவே இருக்கின்றன. பாறைகள் கரைந்து ஆறுகளின் வழியே வந்த நாளிலேயே அந்தச் சோடியம் தன் எலக்ட்ரானை இழந்துதான் வந்தது. உங்கள் பாத்தியில் வெயில் செய்ததெல்லாம் தண்ணீரை விலக்கி, அயனிகளை அடுக்க விட்டது மட்டுமே.

சங்கரலிங்கம்: அப்படியானால் கொடுக்கல் வாங்கல் நான் பொறுப்பேற்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

(புதிய தாள் ஒன்றை எடுத்து, கோடு கிழித்து, முதல் வரியில் “கடல் வகையில் முன்னிருப்பு” என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, தோசை சாப்பிட எழுந்து போகிறார்.)