முதல் க்ரூசர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தள்ளிப் பாருங்கள்

அக்கா மகன் போன வாரம் செங்கோட்டைக்கு வந்திருந்தான். "மாமா, நல்ல க்ரூசரா ஒண்ணு சொல்லுங்க" என்று போனை நீட்டினான். சீட் தாழ்வாக, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற கனமான பைக்தான் க்ரூசர். போனில் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 படம். இதுவரை ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டியவன். வேலை கேரளத்துப் புனலூரில், வாராவாரம் மலைப்பாதையில் புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகத்தான் போக்குவரத்து. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், இதே கேள்வியை இன்னும் சில பேர் கேட்டிருக்கிறார்கள்.

வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள். லேசான சரிவில் பின்பக்கமாக இழுத்து, திருப்பி, ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் இதைச் செய்ய முடியவில்லை என்றால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

நேரான ரோட்டில் அறுபதில் போகும்போது எல்லா க்ரூசரும் சுகம்தான். சீட் தாழ்வு, கால் முன்னால் நீட்டி, முதுகு நிமிர்ந்து உட்காரலாம். ஷோரூமில் ஓட்டக் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த நேர் ரோட்டில்தான். கனம் தெரிவது நிற்கும்போதும் மெதுவாகத் திரும்பும்போதும். சாதாரண ஸ்ப்ளெண்டர் பைக் 112 கிலோ. பஜாஜ் க்ரூசரான அவெஞ்சர் 220 க்ரூஸ் 163. ராயல் என்ஃபீல்டின் சின்ன க்ரூசரான மீட்டியோர் 350 என்றால் 191. அவன் காட்டிய 650-யோ 241 கிலோ, இரண்டு ஸ்ப்ளெண்டரைச் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு.

இந்தக் கனத்தை நான் புளியரை செக்போஸ்டுக்குக் கீழே தெரிந்துகொண்டேன். மீட்டியோர் 350 வாங்கி இரண்டாவது மாதம். முன்னால் வைக்கோல் லாரி, ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தோம். ஓரமாக விலகலாம் என்று ஹேண்டிலை ஒடித்தேன். லாரி சட்டென்று நின்றது, கை தானாக முன் பிரேக்கைப் பிடித்தது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, நடக்கிற வேகத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி அந்தப் பக்கமே சாயும். வலது காலை ஊன்றினேன், கீழே சரளைக்கல். கெண்டைக்கால் சைலன்சரில் பொசுங்கியது, தழும்பு இன்னும் இருக்கிறது. பின்னால் வந்த லாரி கிளீனரும் டீக்கடைச் சேட்டன் ஒருவரும் ஓடிவந்து தூக்கினார்கள். அப்புறம்தான் ஒரு காலி மைதானத்தில், அரைக் கிளட்சும் பின் பிரேக்கும் மட்டும் வைத்து வட்டமடித்துப் பழகினேன். வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது.

சரி, எந்த வண்டி? முதல் முறை வாங்குகிறவருக்கு என் மனசில் இரண்டுதான், அவெஞ்சர் 220, மீட்டியோர் 350. உயரம் குறைந்தவர்களுக்கு அவெஞ்சர் நல்லது, சீட் உயரம் 737 மில்லிமீட்டர், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும். ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் 1,490 மில்லிமீட்டர் நீளம், ஒடுங்கிய தெருவில் ஒரே மூச்சில் திரும்பாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். மீட்டியோரில் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு, சீட் 765. சாரல் காலத்தில் ஆரியங்காவுக் காட்டுக்குள் ரோடெல்லாம் ஈர இலையாகக் கிடக்கும், அங்கே பின் சக்கரம் இறுகி வழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தள்ளிப் பார்ப்பதில் தேறினால் புனலூர்க்காரனுக்கு மீட்டியோர்தான்.

இன்னொன்று, க்ரூசரில் கால் முன்னால் இருப்பதால் பள்ளத்தில் எழுந்து நிற்க முடியாது. குலுக்கல் நேராக இடுப்புக்குத்தான் வரும். ஏற்கெனவே முதுகு வலி உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, இரண்டாவது, மூன்றாவது கியரில் இஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குங்கள். பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காது.

சைலன்சரை மாற்றும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், கேரளப் பக்கம் கறாராக அபராதம் போடுவார்கள். அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட்டும், கணுக்காலை மூடும் ஷூவும் வாங்கலாம்.

பையன் நேற்று எங்கள் வீட்டுச் சந்தில் என் மீட்டியோரைத் தள்ளிப் பார்த்தான். மூன்று தடவை முடியவில்லை, நாலாவது தடவை தனியாகவே திருப்பி நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், லாரிகள் வரத் தொடங்குவதற்கு முன்னால், புளியரை எஸ் வளைவுக்குக் கூட்டிப்போகிறேன்.