திட்டாதீர்கள், சொல்லிக்கொடுங்கள்

இரண்டு நாளாக எல்லோரும் பகிரும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் நிற்கிற அம்மாவிடம், “இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்த?” என்று அத்தனை பேர் முன்னால் டாக்டர்கள் கேட்கிறார்கள். அதைவிட, கீழே வந்த கமெண்டுகள்தான் மனதை அறுக்கின்றன. “இவங்களுக்கெல்லாம் எதுக்குப் பிள்ளை?” என்று எப்படி எழுத மனம் வருகிறது?

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு இதற்கு முன் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

அக்கா மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தையோடு ஒரு சின்ன வயசு அம்மா. வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ்., ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, கால்வாசியை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். மீதியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். உப்பு இப்படிக் கூடினால் குழந்தைக்கே ஆபத்து. பாக்கெட்டைக் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. சாயங்கால டியூட்டிக்கு வந்த சிஸ்டர் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. லிட்டர் பாட்டில் கொண்டுவரச் சொல்லி, முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கிக் காட்டினார். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடு, தாய்ப்பாலை நிறுத்தாதே, ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடு. கண் உள்ளே போனாலோ, ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வா. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான் வேலை.

டாக்டர்களுக்கு வேலைப்பளு இல்லையா என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திட்டுவதற்கும் அதே நேரம்தானே ஆகிறது?

“படிக்காதவங்களுக்குச் சொன்னா புரியுமா?” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்கள் வீடு வாசலை விட்டு ஓடிவந்த சாதாரண ஜனங்கள். அவர்களுக்குப் புரிந்தது நம் ஊர் அம்மாவுக்குப் புரியாதா?

“இப்படிச் சொல்லிக்கொடுத்தா ஆளாளுக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பாங்க” என்பவர்களுக்கும் சொல்கிறேன். எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் சொல்லிக்கொடுப்பதில்தான் அடங்கும். அது தெரியாததால்தான் தாமதமாக வருகிறார்கள். அங்கன்வாடியில், தடுப்பூசி போடும் நாளில், மருந்துக்கடையில் என்று எங்கே பார்த்தாலும் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தக் குழந்தைக்கு அப்பா என்று ஒருவர் இருப்பார் இல்லையா? இத்தனை கமெண்டில் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா, எடை குறைந்தாலும் அம்மா. ஓ.ஆர்.எஸ். கலக்க ஆண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். ராத்திரி முழுக்க ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அவள் ஒருத்தியே உட்கார்ந்திருக்க முடியாது.